கைவிடப்பட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள்: ஒரு யூதத் தாயின் பொருட்டு காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கு

காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள் கூடத்தின் இரண்டாவது அறையில், கண்ணாடிப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் பலகையைப் பற்றித்தான் இந்த மடல். ஜன்னலோரம் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். அதன் கீழே மலையாளம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதியிருக்கிறீர்கள்: "இஸ்ரேலுக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளால் கைவிடப்பட்டு, தனிமையில் வாழ்ந்து மறைந்த யூத மூதாட்டி, எர்ணாகுளம்."

அந்த மூதாட்டியை எனக்குத் தெரியும். எர்ணாகுளம் மார்க்கெட்டை ஒட்டிய யூதத் தெருவில், அவர் வீட்டுப் பின்கட்டில்தான் நான் வளர்ந்தேன். அவர் யூதர், ஊர் எர்ணாகுளம், பிள்ளைகள் இஸ்ரேல் போனார்கள். இவற்றைத் தவிர அந்தப் பலகையில் இருப்பது எதுவும் உண்மை இல்லை.

இஸ்ரேலின் நெவாத்திம் என்ற ஊரில் இருக்கும் அவருடைய மகள் உங்களுக்கு மலையாளத்தில் எழுதினார். நானும் எழுதினேன். பலகையைப் பார்த்துப் பலர் கண் கலங்கிப் போகிறார்கள், அதனால் மாற்றும் எண்ணம் இல்லை என்று உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னதோடு சரி. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். தமிழில் எழுதுவது இது என் மொழி என்பதால். உங்கள் கூடத்துக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் தமிழ்நாட்டுப் பேருந்துகளில் வந்து இறங்குகிறவர்கள். அவர்கள் அந்தத் தமிழ் வரியைப் படித்துவிட்டு, "பாவம், பெத்த பிள்ளைங்களே இப்படியா?" என்று பேசிக்கொண்டே அடுத்த அறைக்குப் போவதை நின்று பார்த்திருக்கிறேன். ஒரு தாயின் பெயரைச் சொல்லி அவர் பிள்ளைகளுக்குச் சாபம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதைச் சொல்லும் உரிமை அவர் பிள்ளைகளுடையது. உங்கள் கூடத்தின் பெயரையும் எழுதவில்லை. உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கம் இல்லை, பலகை மாறினால் போதும்.

என் அப்பா கம்பத்துக்காரர். ஊரிலிருந்து லாரியில் வரும் காய்கறியை இறக்கி விற்க எர்ணாகுளம் மார்க்கெட்டுக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டார். வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தபோது பின்கட்டு அறையைக் கொடுத்தவர் பாட்டி. தெருவே அவரை ஆன்ட்டி என்று கூப்பிடும். என் அப்பாவுக்கு அவர் 'அம்மா', எனக்குப் பாட்டி. அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் 'மோளே'தான்.

முதலில், அவர் ஏன் இஸ்ரேலுக்குப் போகவில்லை என்பதைச் சொல்கிறேன். உங்கள் பலகையைப் படிப்பவர்கள், எல்லோரும் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். நடந்ததோ வேறு.

1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு கொச்சியிலும் எர்ணாகுளத்திலும் பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் மாளாவிலும் இருந்த யூதக் குடும்பங்கள் அங்கே புறப்பட ஆயத்தமாயின. வீட்டை விற்றார்கள், கடையை விற்றார்கள், காத்திருந்தார்கள். ஆனால் கொச்சிப் பகுதியில் யானைக்கால் நோய் உண்டு, அது தங்கள் நாட்டில் பரவிவிடும் என்று இஸ்ரேலின் சுகாதார அதிகாரிகள் பயந்தார்கள். அதனால் பயணம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 1954-இல்தான் பெருங்கூட்டமாகப் போக வழி பிறந்தது. இரவில் வந்து விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். யானைக்கால் கிருமி ரத்தத்தில் தென்படுவது இரவில்தான் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

பாட்டியின் மாமியாருக்கு யானைக்கால். இடது கால் முட்டிவரை வீங்கியிருக்குமாம். மற்றவர்களுக்கு வழி திறந்தபோது அந்தக் கிழவியால் படியிறங்கவே முடியவில்லை. பாட்டியின் அம்மாவும் அண்ணன்மாரும் தங்கையும் பம்பாய் போய் விமானம் ஏறினார்கள். அப்போது பாட்டிக்குக் கையில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று. "கிழவியை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்று கேட்டுவிட்டு அவர் இங்கேயே இருந்துவிட்டார். தினமும் அந்தக் காலை வெந்நீரில் கழுவித் துடைத்து, மடிப்பு மடிப்பாகப் பவுடர் போட்டு, பழைய முண்டைக் கிழித்துச் சுற்றிவிட்டு, கிழவி கண்ணை மூடும்வரை பார்த்துக்கொண்டார். மாமியாரைக் கைவிட மனமில்லாமல் சொந்தத் தாயையே பிரிந்தவரைத்தான் 'கைவிடப்பட்டவர்' ஆக்கியிருக்கிறீர்கள்.

பாட்டியின் கணவருக்கு மார்க்கெட்டில் முட்டை வியாபாரம். நான் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். மகனும் மகளும் 1970-களில் இஸ்ரேல் போனார்கள். ஏன் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் 2,000 பேருக்கு மேல் இருந்த சமூகம் அது. விரல்விட்டு எண்ணும் குடும்பங்களாகச் சுருங்கிவிட்ட பிறகு, கல்யாண வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் இங்கே யார் இருந்தார்கள்? யூதர்களின் தொழுகைக்கூடமான யூதப்பள்ளியில் முழுத் தொழுகை நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்தே கூடவில்லை. பிள்ளைகளைத் துணிமணி வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தவரே பாட்டிதான். "நான்தான் தள்ளிவிட்டேன், இல்லாட்டி அவ போயிருக்க மாட்டா" என்று என் அம்மாவிடம் சொல்வார். மகள் வாழ்க்கைப்பட்டது நெவாத்திமில், கொச்சிக்காரர்கள் 1954-இல் குடியேறிய பாலைவன ஊர். அங்கே பசுமைக்குடில் போட்டு வெளிநாட்டுக்குப் பூ அனுப்பினார்கள். மகன் அஷ்தோத் துறைமுக ஊரில்.

பிறகு ஏன் அவர்கள் வந்து பார்க்கவில்லை என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் முழுத் தூதரக உறவு ஏற்பட்டதே 1992 ஜனவரியில்தான். அதற்கு முன் பம்பாயில் இஸ்ரேலின் துணைத் தூதரகம் ஒன்று மட்டும் இருந்தது. இஸ்ரேலில் குடியுரிமை வாங்கியவர்கள் இங்கே வர விசா பெறுவது லேசான காரியமாக இருக்கவில்லை. யூதர்களின் வரலாற்றைச் சொல்ல ஒரு கூடமே கட்டிய நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு குடும்பத்தின் மீது தீர்ப்பு எழுதியது எனக்குப் பெரிய வருத்தம்.

வர முடியாத ஆண்டுகளில் கடிதம் வந்தது. நீலநிற ஏரோகிராம். உள்ளே மகள் மலையாளத்தில் எழுதியிருப்பார், ஓரத்தில் இடம் மிச்சமிருந்தால் பேரப்பிள்ளைகள் எபிரேயத்தில் கிறுக்கியிருப்பார்கள். பாட்டிக்கு எபிரேயத்தில் தொழுகைப் புத்தகம் வாசிக்கத் தெரியும், பேச்சு எபிரேயம் தெரியாது. இருந்தாலும் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி உரக்கப் படிப்பார். அர்த்தம் புரியாவிட்டாலும் பேரன் குரல் கேட்டுவிட்டது போலச் சிரிப்பார். பதில் எழுதும்போது என் அம்மா வைத்த குழம்பு, என் அண்ணன் தேர்வில் வாங்கிய மார்க், தேங்காய் விலை எல்லாம் அதில் போகும். தொலைபேசி வந்த பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் மார்க்கெட் முனையிலிருந்த எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். சப்பத்து என்னும் ஓய்வுநாள் தொடங்கும் முன் மகன் கூப்பிடுவார். கூப்பிடாத வாரம் எனக்கு நினைவில் இல்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மகளின் மூத்த பெண்ணுக்குப் பாட்டியின் பெயர்தான். பாட்டி உயிரோடு இருக்கும்போதே வைத்த பெயர். கொச்சி யூதர்களிடம் அது வழக்கம்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். அது 1993-இல் எடுத்தது, எடுத்தவர் அவர் மருமகன். உறவு ஏற்பட்டு விசா கிடைத்ததும் மகள் குடும்பத்தோடு வந்தபோது எடுத்த கலர் படம். அதன் பிரதி என் வீட்டிலும் இருக்கிறது. பாட்டி கிளிப்பச்சை ரவிக்கையும் கரைபோட்ட முண்டும் உடுத்தியிருக்கிறார். வலப்பக்கம் பேரன் அவர் தோளில் கை போட்டு நிற்கிறான், பேத்தி தரையில் உட்கார்ந்து அவர் மடியில் சாய்ந்திருக்கிறாள். பின்னால் கதவோரம் என் அம்மா, கையில் தேங்காய் மூடி. நீங்கள் பேரனையும் பேத்தியையும் என் அம்மாவையும் வெட்டி எடுத்துவிட்டீர்கள். கலரையும் எடுத்துவிட்டீர்கள். உங்கள் படத்தைக் கூர்ந்து பார்த்தால் பாட்டியின் தோளில் நான்கு விரல் நுனி தெரியும். அது அந்தப் பையனுடைய கை. தனிமை என்று நீங்கள் காட்டுவது கத்தரிக்கோல் செய்த வேலை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'வீட்டுக் கணக்குப் புத்தகம்' என்று சீட்டு வைத்திருக்கிறீர்கள். அது பாட்டுப் புத்தகம். கேரள யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மலையாளத்தில் பாடிவந்த பாட்டுகளை இப்படித்தான் கையால் எழுதி வைத்துக்கொள்வார்கள். தாயிடமிருந்து மகள் பார்த்து எழுதுவாள், அவளிடமிருந்து அவள் மகள். கல்யாணப் பாட்டு, யோசேப்பின் கதை, ஊர் யூதப்பள்ளியின் பெருமை, கிளி வரும் பாட்டு எல்லாம் இருக்கும். பல நாட்டு யூதர்களிடம் ஆண்கள் முன்னால் பெண்கள் பாடக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. கேரளத்தில் பெண்கள் எல்லோர் முன்னாலும் பாடினார்கள். இங்கிருந்து போன கிழவிகள் இஸ்ரேலில் பாடிக் காட்ட, ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் பதிவு செய்து அச்சிலும் கொண்டுவந்துவிட்டார்கள். பாட்டியின் நோட்டில் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்ததால் தாத்தா அதில் முட்டைக் கணக்கு எழுதியிருக்கிறார். நீங்கள் சரியாக அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்! முன்பக்கம் புரட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா?

அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் பாடிக் கேட்டிருக்கிறேன். பார்த்துப் பாட மாட்டார், எல்லாம் மனப்பாடம். சும்மா பக்கத்தைப் புரட்டிக்கொண்டே பாடுவார். என் அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மருதாணி காயும்வரை எங்கள் பின்கட்டில் உட்கார்ந்து யூதக் கல்யாணப் பாட்டு முழுவதையும் பாடினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து வாசலில் நின்றார்கள்.

அவர் வீட்டு நடைமுறை பற்றி உங்கள் அறையில் ஒரு வரி இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், பயன்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் தூக்குவிளக்கில் தண்ணீர் ஊற்றி, மேலே தேங்காயெண்ணெய் விட்டுத் திரி போடுவார். பெட்டியில் துடைத்து வைத்திருக்கிறீர்களே, அதே பித்தளை விளக்கு. சனிக்கிழமை அடுப்பு மூட்ட மாட்டார், முந்தின நாளே எல்லாம் செய்து வைத்துவிடுவார். முறைப்படி கோழி அறுக்க ஆள் இல்லாமல் போனதும் கறியை விட்டுவிட்டார். அப்புறம் கடைசிவரை மீன்தான். அதிலும் செதில் உள்ள மீன் மட்டும். இறால் மலிந்து கிடக்கும் எர்ணாகுளம் மார்க்கெட்டின் வாசலில் குடியிருந்துகொண்டு ஆயுள் முழுக்க ஒரு இறால் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் இறால் வறுக்கும் அன்றைக்கு அம்மா தயங்கி நிற்பார். "உனக்கு உன் சோறு, எனக்கு என் சோறு, பிள்ளைக்குப் போடு" என்பார்.

பெசஹா என்று அங்கே சொல்லும் பஸ்கா பண்டிகை வந்தால் அவர் வேறு ஆள். வாரக்கணக்கில் வீட்டுக்கு வெள்ளையடிப்பார், கிணற்றை இறைப்பார், அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவார், பரணிலிருந்து அந்த எட்டு நாளுக்கென்றே வைத்திருக்கும் பாத்திரங்களை இறக்குவார். உலர்திராட்சையைக் கொதிக்கவைத்து ரசம் எடுப்பார். அந்த நாட்களில் எனக்குச் சமையலறைப் பக்கம் அனுமதி கிடையாது. வாசற்படியிலேயே உட்கார வைத்து, கை நிறைய உலர்திராட்சை கொடுத்துவிடுவார். எனக்குக் கோபமாக வரும். பண்டிகை முடிந்த மறுநாள் அவரே வந்து கூப்பிட்டு, மடியில் உட்காரவைத்துக்கொள்வார்.

பிள்ளைகள் தங்களோடு வந்துவிடச் சொல்லிக் கூப்பிடாமலும் இல்லை. அவர் ஒருமுறை போனார். நெவாத்திமில் இருந்தார், அம்மாவின் கல்லறையைப் பார்த்தார், அண்ணன்மாரோடு சண்டை போட்டுச் சமாதானமானார், பேத்திக்கு அப்பம் சுடக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் திரும்பி வந்துவிட்டார். அவர் கணவரும் மாமியாரும் இந்த மண்ணில் இருக்கிறார்கள். தானும் இங்கேயேதான் என்று முடிவு செய்தார். அது அவர் எடுத்த முடிவு. பிள்ளைகள் அழுதார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். வயதான ஒரு பெண் தனியாக இருந்தால் யாரோ விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். தன் வீட்டில் தன் விருப்பப்படி ஒருத்தி வாழலாம் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவர் தனியாகவும் இருக்கவில்லை. படுத்த படுக்கையான கடைசி மாதங்களில் என் அம்மா அவர் கட்டிலுக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்தார். மகள் வந்து பக்கத்திலிருந்தார். 1990-களின் இறுதியில் பாட்டி இறந்தபோது, மிச்சமிருந்த குடும்பத்துப் பெண்கள் வந்து குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றினார்கள். பத்து ஆண்கள் இல்லாததால் இறந்தவருக்காகச் சொல்லும் கத்தீஷ் தொழுகையை இங்கே சொல்ல முடியவில்லை. அஷ்தோத்தில் மகன் பதினொரு மாதம், ஒருநாள் தவறாமல் யூதப்பள்ளிக்குப் போய்ச் சொன்னார்.

உங்கள் முதல் அறையை நான் குறை சொல்ல மாட்டேன். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு 72 உரிமைகளோடு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு உரிமையைக் கொடுத்த செப்பேட்டின் படியை அழகாக வைத்திருக்கிறீர்கள். வட்டெழுத்தில், தமிழ் தெரிந்தவர்களுக்குச் சொல்லுக்குச் சொல் பிடிபடும் மொழியில் எழுதிய செப்பேடு. அந்த உரிமை யார் யாருக்குப் போகும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது: அவருடைய ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் என்று வழிவழியாக. ஆயிரம் ஆண்டுக்கு முந்தின ஆவணத்தில் பிள்ளைகளும் பெண்களும் இருக்கிறார்கள். அடுத்த அறைக்கு வந்தால் ஒரு தாயின் பிள்ளைகளைக் காணோம்.

சேந்தமங்கலம் யூதப்பள்ளியின் முன்னால் நிற்கும் கல்லறைக் கல்லையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1269-ஆம் ஆண்டுக் கல். இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. அது ஒரு பெண்ணுடையது: இஸ்ரவேலின் மகள் சாரா. இன்னாருடைய மகள் என்று உறவோடு சேர்த்துத்தான் அவளைப் பொறித்திருக்கிறார்கள்.

கொச்சியில் வயதான யூதர் ஒருவர் இறந்தால் போதும், 'கடைசி யூதர்' என்று ஒரு செய்தி வந்துவிடும். சோகம் நன்றாக விற்கிறது. சரி, பத்திரிகை அன்றைக்கு ஒரு நாளோடு போய்விடும். உங்கள் பலகை அப்படிப் போகாது. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத் திட்டநோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். போன மாதம் நெவாத்திமிலிருந்து வந்த பேத்தி, பாட்டியின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் அதே பேத்தி, தன் மகனோடு அந்த அறையில் நின்றாள். அந்தப் பையன் ஆங்கில வரியைப் படித்துவிட்டு, "நாம பாட்டியை விட்டுட்டுப் போயிட்டோமா?" என்று அவளிடம் கேட்டான். அவளால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

எங்கள் வேண்டுகோள் இதுதான். அந்த இரண்டு வரியை மூன்று மொழியிலும் உடனே எடுங்கள். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்பதை மகளிடம் கேட்டு எழுதுங்கள். அவர் தன் தாயின் பெயர், தாயின் தந்தை பெயர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதி, பெயர்களை வெளியிட ஒப்புதலும் கையெழுத்தும் சேர்த்து உங்களுக்கு அனுப்பிவிட்டார். வெட்டிய படத்தை இறக்கிவிட்டு, முழுப் படத்தை அதன் நிறத்தோடு வையுங்கள். பிரதி வேண்டுமென்றால் நான் தருகிறேன். பாட்டு நோட்டைப் பாட்டுப் பக்கத்தில் திறந்து வையுங்கள், சீட்டை மாற்றுங்கள், மலையாளம் தெரிந்த அறிஞர் ஒருவரை வைத்துப் படித்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பாட்டுகளில் சிலவற்றை நெவாத்திமில் இன்னும் பாடுகிறார்கள், மகளே பாடி அனுப்பத் தயாராக இருக்கிறார். வருகிறவர்கள் அந்த அறையில் அதைக் கேட்கட்டும். இனி எந்தக் குடும்பத்தின் பொருளை வாங்கினாலும், அதன் மேல் எழுதப்போகும் வரியை அந்தக் குடும்பத்துக்குக் காட்டி ஒப்புதல் வாங்குவது என்று விதி வையுங்கள்.

இதில் எதையும் செய்ய உங்களுக்கு மனமில்லை என்றால், அந்த நோட்டையும் தூக்குவிளக்கையும் படத்தையும் குடும்பத்திடம் திருப்பிக் கொடுங்கள். இரவலாகக் கொடுத்த பொருள்கள் என்று நீங்கள் தந்த ரசீதிலேயே இருக்கிறது. வாங்கிக்கொள்ள மகள் எனக்கு அதிகாரக் கடிதம் கொடுத்திருக்கிறார். எந்தத் தேதியில் வரவேண்டும் என்று எழுத்தில் தெரிவியுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

யூதத் தெருப் பின்கட்டில் வளர்ந்தவள்
எர்ணாகுளம்